தகுதிக் குறிப்பா, வாழ்க்கை விளக்கமா?

விண்ணப்பம் எழுதுவோர்க்கும் அவர்க்குத் துணை நிற்போர்க்கும் ஒரு பாடம்

(வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர்)

நமது கிராமங்களிலிருந்து நெல்லும் பாலும் காய்கறியும் நாள்தோறும் வெளியூர் செல்கின்றன. அவற்றோடு இக்காலத்தில் இன்னொன்றும் செல்கிறது. அதுவே விண்ணப்பம். வேலை வேண்டி ஒன்று, மேற்படிப்பு வேண்டி ஒன்று, உதவித்தொகை வேண்டி ஒன்று, விருது வேண்டி ஒன்று எனப் பல விண்ணப்பங்கள் ஒவ்வோர் ஊரிலிருந்தும் புறப்படுகின்றன. நெல்லை விலைக்குக் கொள்பவர் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஈரமும் பதரும் பார்த்து விலை சொல்லுவார். விண்ணப்பம் செய்தவரை அவ்வாறு முதலிலேயே நேரில் பார்ப்பவர் இலர். தொலைவில் அமர்ந்திருக்கும் ஒருவர் காகிதத்தைப் பார்த்தே முதல் முடிவைச் செய்துவிடுகிறார். காகிதம் தவறினால், ஆளைக் காணும் வாய்ப்பே அவருக்கு வருவதில்லை.

இதில் நகரத்துப் பிள்ளைக்கும் கிராமத்துப் பிள்ளைக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நகரத்து வீட்டில் விண்ணப்பம் எழுதிப் பழகிய தந்தையோ தமக்கையோ பெரும்பாலும் இருப்பர். தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த கிராமத்துப் பிள்ளைக்கு அத்துணை இல்லை. அப்பிள்ளை கணினி மையத்துக்குச் சென்று, அங்கே முன்பே யாருக்கோ தட்டச்சு செய்து வைத்த படிவத்தில் தன் பெயரை மட்டும் மாற்றி, கேட்ட இடத்துக்கெல்லாம் அதையே அனுப்புகிறது. தகுதிகளை ஒரு பக்கத்தில் தருக என்று கேட்டவர்க்கும் அதுவே. உமது வாழ்வையும் நோக்கத்தையும் விளக்குக என்று கேட்டவர்க்கும் அதுவே. குறை பிள்ளையின் அறிவில் இல்லை; எதற்கு எது என்று சொல்லிக் கொடுப்பார் இல்லாமையே குறை. அதனைச் சொல்லுவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

இரண்டும் யாவை?

ஒருவர் தம்மைப் பற்றி எழுதியனுப்பும் ஏடுகள் இருவகைப்படும்.

முதலாவது, மக்கள் வழக்கில் 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூமே' என்றும் வழங்குவது. இக்கட்டுரையில் இதனைத் தகுதிக் குறிப்பு என்போம். பெயர், முகவரி, கல்வி, தேர்ச்சி பெற்ற ஆண்டு, செய்த வேலை, செய்த காலம், கற்ற தொழில், அறிந்த மொழிகள் ஆகியவற்றைத் தலைப்புவாரியாக, சுருக்கமாக, ஒரு பார்வையில் கண்டுகொள்ளுமாறு தருவது இது. புதிதாகப் பணி தேடுவோர்க்கு ஒரு பக்கமே போதும். 'இவர் இப்பணியைச் செய்ய வல்லவரா?' என்னும் வினாவுக்கு இது விடை கூறுகிறது.

இரண்டாவது, கல்வி நிலையங்கள் 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' என்றும் 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்' என்றும் கேட்பது. இதனை வாழ்க்கை விளக்கம் என்போம். இது தலைப்புகளின் வரிசை அன்று, தொடர்ச்சியான உரைநடை. 'நான்' என்று தொடங்கி ஒருவர் தம் குரலில் எழுதுவது. தாம் கண்டது யாது, அதனால் தம் எண்ணம் எவ்வாறு திரும்பியது, இனிச் செய்ய விரும்புவது யாது, அதற்கு இந்தப் படிப்போ உதவியோ ஏன் தேவை என்பவற்றை இது விளக்கும். 'இவர் ஏன் இதனை நாடுகிறார்? எங்கே செல்ல விரும்புகிறார்?' என்னும் வினாவுக்கு இது விடை.

உழவர்க்கு இவ்வேற்றுமையை எளிதில் விளக்கலாம். நிலம் ஒன்றே, ஆனால் அதனை அறியும் வழி இரண்டு. அடங்கலைப் பார்த்தால் புல எண் எது, பரப்பு எவ்வளவு, இப்போகம் என்ன பயிர் என்பன தெரியும். அவை வேண்டிய விவரங்கள். ஆனால் வடமேற்கு மூலையில் உவர் ஏறியது ஏன், எருவும் தழையும் இட்டு அதனை மீட்டது எப்படி, அடுத்த ஆண்டு அங்கே உளுந்து விதைக்க எண்ணுவது எதனால் என்பன அடங்கலில் இரா. வரப்பில் கூட்டிச் சென்று உழவர் சொன்னால்தான் தெரியும். தகுதிக் குறிப்பு அடங்கலைப் போன்றது. வாழ்க்கை விளக்கம் வரப்பில் நடந்தவாறு சொல்லும் விளக்கத்தைப் போன்றது. அடங்கல் நகல் கேட்ட அலுவலரிடம் நிலத்தின் கதையை விரித்தால் அவர் பொறுமை இழப்பார். நிலத்தைப் புரிந்துகொள்ள வந்தவரிடம் அடங்கல் நகலை மட்டும் நீட்டினால் அவர் வந்த வழியே திரும்புவார்.

ஒருவரே எழுதிய இரு விண்ணப்பங்கள்

இவ்விரண்டின் வேற்றுமையை நம் நாட்டுக் கணித மேதை சீனிவாச இராமானுஜன் வாழ்விலிருந்தே காட்டலாம். கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதம் தவிர்த்த பாடங்களில் தேர்ச்சி பெறாமையால் எஃப்.ஏ. வகுப்பைத் தாண்ட இயலாமற்போனவர் என்பதை யாவரும் அறிவர்.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள் அவர் சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு எழுத்தர் வேலை வேண்டி ஒரு விண்ணப்பம் அனுப்பினார். அது மிகச் சுருக்கமானது. எழுத்தர் இடம் ஒன்று காலியென அறிந்ததையும், தாம் மெட்ரிகுலேஷன் தேறி எஃப்.ஏ. வரை படித்ததையும், சூழ்நிலைகளால் படிப்பைத் தொடர முடியாமற்போனதையும், கணிதத்திலேயே காலத்தைச் செலவிட்டு வருவதையும், இடம் கிடைத்தால் வேலையைச் செம்மையாகச் செய்ய முடியும் என்னும் நம்பிக்கையையும் சில வரிகளில் எழுதினார். கணக்கிடுவதில் இவர் விரைவும் திறனும் மிக்கவர் என்று மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் அளித்த நற்சான்றும் உடன் சென்றது. கணக்குப் பிரிவில் ஆள் தேடுபவர்க்கு அறிய வேண்டியவை அவ்வளவே. 1912 மார்ச் 1ஆம் நாள், மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் அவர் வேலையில் அமர்ந்தார்.

அதற்குப் பதினோரு மாதங்கள் கழித்து, 1913 ஜனவரி 16ஆம் நாள், அதே மனிதர் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்கு ஒரு மடல் எழுதினார். இதன் நடையே வேறு. தாம் ஓர் எழுத்தர் என்பதையும், ஆண்டுச் சம்பளம் 20 பவுன் என்பதையும், பல்கலைக்கழகக் கல்வி பெறாதவர் என்பதையும் ஒளிக்காமல் கூறினார். பள்ளியை விட்டபின் ஓய்வு நேரத்தையெல்லாம் கணிதத்தில் செலுத்தி, தமக்கெனப் புதுவழி ஒன்று கண்டு நடந்து வருவதை எடுத்துரைத்தார். ஹார்டி எழுதிய நூலொன்றில் தாம் படித்த ஒரு கருத்தைச் சுட்டி, அதில் தாம் கண்டதைச் சொன்னார். பின்னர்ப் பக்கம் பக்கமாகத் தம் தேற்றங்களை இணைத்தார். தாம் வறியவர் என்பதை ஒரு சொல்லில் மட்டும் குறித்து, இவற்றில் மதிப்புடையது ஏதேனும் இருப்பின் அச்சேற்ற உதவ வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். ஹார்டி விடை எழுதினார். 1914 மார்ச்சில் இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். 1918இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இரண்டு ஏடுகளிலும் உண்மை ஒன்றே, எழுதியவரும் ஒருவரே. படிப்பவர் வேறு, அவர் செய்ய வேண்டிய முடிவும் வேறு. துறைமுகக் கணக்கருக்குத் தேற்றங்களை அனுப்பியிருந்தால் பயன் இராது. ஹார்டிக்கு மெட்ரிகுலேஷன் தேர்ச்சியையும் நற்சான்றையும் மட்டும் அனுப்பியிருந்தாலும் பயன் இராது. படிப்பவர் யார், அவர் எதனை முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டு எழுதுவதே இதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

எவ்விடத்துக்கு எது?

இனி, நமது ஊர்களிலிருந்து செல்லும் விண்ணப்பங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அரசுத் தேர்வாணையம் போன்றவை நடத்தும் போட்டித் தேர்வுகளுக்கு இவ்விரண்டில் எதுவும் தேவையில்லை. அங்கே குறிப்பிட்ட படிவம் உண்டு. படிவத்தில் கேட்டதைச் சான்றிதழில் உள்ளவாறே, எழுத்துப் பிசகாமல் நிரப்புவதே வேலை. பெயரின் முன்னெழுத்தும் பிறந்த நாளும் சான்றிதழுக்குச் சான்றிதழ் வேறுபட்டிருந்தால், விண்ணப்பிக்குமுன் திருத்திக்கொள்ளல் வேண்டும். இராமானுஜன் ஹார்டிக்கு எழுதியபோது தமக்கு வயது ஏறத்தாழ 23 என்று குறித்திருந்தார். உண்மையில் அப்போது அவருக்கு 25 நிறைந்திருந்தது. மடல் என்பதால் அது பெரிதாகவில்லை. படிவமாயின் அத்தகைய பிழை சான்றிதழ் சரிபார்ப்பில் தடையாக வந்து நிற்கும்.

தொழிற்சாலை, ஆலை, கடை, மருத்துவமனை, தனியார் பள்ளி, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஆகியவற்றில் வேலை தேடுவோர் தகுதிக் குறிப்பையே அனுப்ப வேண்டும். அங்கே ஓர் இடத்துக்குப் பலர் விண்ணப்பிப்பர். படிப்பவர்க்கு நேரம் குறைவு. தகுதிக் குறிப்போடு ஒரு சிறு கடிதம் இணைப்பது நலம். எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறோம், அவ்வேலைக்குத் தம்மிடம் உள்ள தகுதிகளில் முதன்மையானவை எவை, எப்போது வந்து பார்க்க இயலும் என்னும் மூன்றும் அக்கடிதத்தில் இருந்தால் போதும். வாழ்க்கைக் கதை அங்கே வேண்டா.

பல்கலைக்கழகங்கள், குறிப்பாக வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும், உதவித்தொகை தரும் அறநிலையங்களும், இளைஞர்களைக் கிராமப் பணிக்குத் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளும் பெரும்பாலும் வாழ்க்கை விளக்கத்தைக் கேட்கின்றன. இங்கிலாந்தில் இளநிலைப் பட்டப் படிப்புக்குப் பொது முறையில் விண்ணப்பிப்போர்க்கு, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து இவ்விளக்கம் மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டது. இப்படிப்பை ஏன் நாடுகிறீர்? இதுவரை கற்றது உம்மை இதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்தது? வகுப்பறைக்கு வெளியே செய்தவை எவ்வாறு உதவின? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளி உட்பட 4,000 எழுத்துகளுக்கு மேற்படக் கூடாது. இங்கிலாந்துக்குச் செல்லாதவரும் இம்மூன்று வினாக்களைத் தம் முன் வைத்துக்கொண்டு எழுதினால் வழி தவறார்.

விருதுகளின் முறையையும் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் உழவர்களும் அறிந்திருத்தல் வேண்டும். பத்ம விருதுகளுக்கு எவரும் எவரையும் இணையவழியே பரிந்துரைக்கலாம். தம்மையே பரிந்துரைத்துக்கொள்ளவும் தடை இல்லை. அதற்கு விவரங்களோடு, ஆற்றிய தொண்டை விளக்கும் உரைநடைக் குறிப்பும் வேண்டும். அது 800 சொற்களுக்குள் இருத்தல் வேண்டும். கோயம்புத்தூர் மாவட்டம் தேக்கம்பட்டியைச் சேர்ந்த இயற்கை உழவர் பாப்பம்மாள் அம்மையார் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். நூறு வயதைக் கடந்தும் கழனியில் உழைத்த அம்மூதாட்டியார் 2024இல் மறைந்தார். அவரைப் போல் ஓசையின்றி உழைப்போர் பல ஊர்களில் உளர். அவர்களுடைய உழைப்பை 800 சொற்களில் எழுதத் தெரிந்தவர் ஊரில் ஒருவரேனும் வேண்டும் அன்றோ?

அவ்வெழுத்திலும் விவரமே உயிர். 'பாரம்பரிய நெல்லைக் காப்பதில் பேரார்வம் உடையவர்' என்று எழுதுவதால் ஒன்றும் விளங்காது. களர்ப்பாலை நெல்லை எத்தனை ஆண்டுகளாக, எத்தனை ஏக்கரில், எத்தகைய மண்ணில் விளைவித்து வருகிறார், எத்தனை உழவர்க்கு விதை தந்தார், அவர்களில் எத்தனை பேர் இன்றும் பயிரிடுகின்றனர் என்று எழுதினால் விளங்கும்.

வங்கிக் கடனுக்கு வேண்டியது இவ்விரண்டும் அன்று, திட்ட அறிக்கை. ஆயினும் அதில் தொழில் முனைவோரின் முன் அனுபவம் என்னும் பகுதி வருமிடத்தில் தகுதிக் குறிப்பின் முறை கைகொடுக்கும்.

இரண்டையும் கேட்டால் இரண்டையும் அனுப்புக. ஆனால் ஒன்றில் உள்ளதை மற்றொன்றில் அப்படியே திருப்பி எழுதற்க. எது வேண்டும் என்று கூறப்படாவிடின், வேலைக்குத் தகுதிக் குறிப்பும் சிறு கடிதமும், படிப்புக்கும் உதவிக்கும் விருதுக்கும் வாழ்க்கை விளக்கமும் எனக் கொள்க. ஐயம் இருப்பின் அந்நிறுவனத்துக்கே எழுதிக் கேட்பதில் இழிவொன்றும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். அவர் தந்தை ஒன்றரை ஏக்கர் நன்செய் உடையவர். தாய் மகளிர் சுயஉதவிக் குழுவில் உறுப்பினர். மாணவி அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். தேறியவர். 'உமக்கு அனுபவம் உண்டா?' என்று கேட்டால், 'ஒன்றும் இல்லை' என்றே சொல்லுவார். சற்று விசாரித்தால், தாயின் குழுவுக்கு இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவரே என்று தெரியவருகிறது. கூலி பெறாத வேலை வேலையன்று என்று நமது பெண்கள் எண்ணிவிடுகின்றனர். வீட்டிலும் வயலிலும் குழுவிலும் செய்த வேலை காகிதத்தில் ஏறாமல் மறைந்துபோவதற்கு இவ்வெண்ணமே காரணம்.

அவர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் கணக்கர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார் என்க. தகுதிக் குறிப்பில் அச்செய்தியை இவ்வாறு எழுதலாம்:

'கணக்கு எழுதுதல், மகளிர் சுயஉதவிக் குழு. ஜூன் 2022 முதல் மே 2024 வரை. உறுப்பினர் 12. சேமிப்பு, கடன், வட்டி, தவணைப் பதிவேடுகள். மாதந்தோறும் வங்கிக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.'

படிப்பவர் ஒரு நொடியில் அறிந்துகொள்வார்: இவருக்குப் பதிவேடு தெரியும், வங்கிக் கணக்கை ஒப்பிடத் தெரியும், இரண்டு ஆண்டு இடைவிடாது செய்திருக்கிறார். 'நான்' என்னும் சொல்லே அங்கு இல்லை. பண்புகளின் புகழ்ச்சியும் இல்லை. கடின உழைப்பாளி, நேர்மையானவர் என்று தம்மைத் தாமே புகழ்ந்து எழுதும் வரிகளுக்குப் பயன் இல்லை. அவ்வரிகளை எழுதாதவர் எவரும் இலர்.

அதே மாணவி, ஊரக வளர்ச்சி பற்றிய முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார் என்க. அங்கே வாழ்க்கை விளக்கம் கேட்கப்படுகிறது. கணினி மையத்துப் படிவம் இவ்வாறு தொடங்கும்: 'சிறு வயது முதலே சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும் என்பது என் இலட்சியம்.' இது பொய்யன்று. ஆனால் எவர் பெயரையும் இதன் கீழ் எழுதிவிடலாம். எவர்க்கும் பொருந்தும் சொல் எவரையும் காட்டுவதில்லை. அதற்கு மாறாக அவர் இவ்வாறு எழுதலாம்:

'என் தாயின் குழுவுக்கு நான் இரண்டு ஆண்டுகள் கணக்கு எழுதினேன். பன்னிருவரில் ஒன்பது பேர் பயிர்ச் செலவுக்காகவே கடன் பெற்றனர். தவணையோ மாதந்தோறும் வரும். பணமோ அறுவடைக்குப் பின்னரே வரும். இடையிலுள்ள மாதங்களில் தவணை கட்டுவதற்காகச் சிலர் வெளியில் அதிக வட்டிக்கு வாங்கியதை என் பதிவேடு காட்டவில்லை. அவர்களோடு பேசியே அறிந்தேன். பதிவேட்டின்படி எங்கள் குழு ஒரு தவணையும் தவறாத குழு. அந்தச் செம்மைக்கு எவர் என்ன விலை கொடுத்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. பயிரின் காலத்தோடு ஒத்துவரும் தவணை முறை இயலுமா என்பதைக் கற்றறியவே இப்படிப்பை நாடுகிறேன்.'

இரண்டும் ஒரே வேலையைப் பற்றியவை. முதலாவது, செய்ததைக் காட்டுகிறது. இரண்டாவது, செய்தபோது கண்டதையும், கண்டதனால் எழுந்த வினாவையும் காட்டுகிறது. வாழ்க்கை விளக்கம் என்பது பிறந்தது முதல் நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லுவது அன்று. ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளைத் தேர்ந்து, அவை தம்மை எவ்வழியில் திருப்பின என்று சொல்லுவதே ஆகும். இவ்விளக்கத்தைப் படித்த பேராசிரியர் அம்மாணவியை நேரில் கண்டு பேச விரும்புவார். அதற்குமேல் ஒரு காகிதம் செய்யக்கூடியது வேறில்லை.

வறுமையை எவ்வளவு சொல்லுவது?

கிராமத்துப் பிள்ளைகளின் வாழ்க்கை விளக்கத்தில் பெரிதும் இடறும் இடம் ஒன்று உண்டு. துயரத்தை மிகுத்துச் சொன்னால் இரக்கம் பிறக்கும், இரக்கம் பிறந்தால் இடம் கிடைக்கும் என்று சிலர் கற்பித்துவிடுகின்றனர். பிள்ளையும் தந்தையின் குடியையும் தாயின் நோயையும் வீட்டுச் சண்டையையும் முன்பின் அறியாத ஒருவர்க்கு எழுதிக் கொடுத்துவிடுகிறது. இது வேண்டா. குடும்ப வருமானத்துக்கு வட்டாட்சியர் அலுவலகச் சான்றிதழ் உண்டு. அதை அச்சான்றிதழ் சொல்லட்டும். தேர்வு செய்வோர் துயரங்களை எடை போட்டு, மிகுந்த துயரத்துக்கு இடம் தருவோர் அல்லர். இடர் வந்தபோது இவர் என்ன செய்தார், என்ன கற்றார் என்பதையே அவர்கள் தேடுகின்றனர். இராமானுஜன் வறுமையைக் குறித்தது ஒரு சொல். தேற்றங்களோ பல பக்கங்கள். அவ்விகிதமே நமக்கும் அளவுகோலாகட்டும்.

அதே வேளையில், இடரை முற்றும் மறைப்பதும் வேண்டுவதில்லை. ஓராண்டு படிப்பு தடைப்பட்டிருந்தால், தந்தையின் மறைவால் வயலைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது என்று ஒரு வரியில் சொல்லி மேலே செல்லலாம். அவ்வோராண்டில் நடவும் அறுவடையும் கூலிக் கணக்கும் தாமே பார்த்திருந்தால், அது இழந்த ஆண்டு அன்று, ஈட்டிய அனுபவம். தன்மானம் குன்றாமல் உண்மையைச் சொல்லுவதற்கு இடமுண்டு என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் உணர்த்த வேண்டும்.

விழிப்பாக இருக்க வேண்டியவை

பிறர் எழுதியதைப் படியெடுத்து அனுப்புதல் கூடாது. ஒரே ஊரிலிருந்து ஒரே சொற்களில் இரண்டு விளக்கங்கள் சென்றால் இரண்டும் தள்ளப்படக்கூடும். இக்காலத்தில் கட்டளையிட்டால் கட்டுரை எழுதித் தரும் கணினிக் கருவிகளும் வந்துவிட்டன. அவற்றைப் பிழை திருத்தக் கொள்ளலாம் என்று சில நிறுவனங்கள் கூறுகின்றன. சில முற்றிலும் தடை செய்கின்றன. விதியைப் படித்த பின்னரே தொடுக. எழுதியது எதுவாயினும், நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்டால் தடுமாறாமல் விடை சொல்ல முடிய வேண்டும்.

செய்யாத வேலையைச் செய்ததாக எழுதற்க. கீழே கையொப்பமிட்டுக் கொடுக்கும் உறுதிமொழி வெறும் சடங்கன்று. பின்னர் பொய்யெனத் தெரிந்தால், கிடைத்த இடமும் பறிபோகும்.

தகுதிக் குறிப்பில் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை எழுதற்க. அவை வேலை உறுதியான பின் நிறுவனம் முறைப்படி கேட்கும்போது தரவேண்டியவை. சாதி, மதம், திருமண நிலை ஆகியவையும் விண்ணப்ப அறிவிப்பில் கேட்கப்பட்டாலன்றி வேண்டா. தகுதிக் குறிப்பைப் பெற்றுக்கொண்டு, வேலை தருவதாகக் கூறி முன்பணம் கேட்பவர் எவராயினும், அவருக்குப் பணம் அனுப்பாமல் காவல் நிலையத்தில் தெரிவிப்பதே தக்கது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

இஃது ஒவ்வொரு வீடும் தனித்துச் சுமக்க வேண்டிய பொறுப்பு அன்று. சாலையும் குடிநீரும் போல, வழிகாட்டலும் ஊர் சேர்ந்து செய்யத்தக்கதே. பெரும் செலவும் இதற்கு இல்லை.

ஒன்று: பிளஸ் டூ தேர்வு முடிவுகள் அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில் வெளிவருகின்றன. ஆதலின் மே 1ஆம் நாள் கூடும் கிராம சபையில், விண்ணப்பம் எழுத உதவி வேண்டுவோர் யாவர் என்று கேட்டுப் பெயர் குறித்துக்கொள்ளலாம்.

இரண்டு: ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளிக் கட்டடத்திலோ மாதம் ஒரு ஞாயிறு, ஊரிலுள்ள ஆசிரியர், ஓய்வுபெற்ற அலுவலர், வெளியூரில் பணியாற்றி விடுமுறைக்கு வந்திருக்கும் பட்டதாரி ஆகியோர் இரண்டு மணி நேரம் அமரலாம். அவர்கள் பிள்ளைகளுக்காக எழுதித் தரக் கூடாது. கேட்க வேண்டும். 'என்ன செய்தாய்? எத்தனை நாள்? எத்தனை பேர்? அதில் எது கடினம்? பிறகு என்ன நினைத்தாய்?' இவ்வினாக்களுக்கு வரும் விடையை அப்பிள்ளையே எழுதினால், அதுவே விளக்கமாகும்.

மூன்று: பள்ளி, கல்லூரியில் படிப்போர் ஒவ்வொருவரும் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுமாறு செய்யலாம். குழுக் கணக்கு எழுதியது, கிராம சபையில் பேசியது, மண் மாதிரி எடுக்க உதவியது, கோயில் திருவிழாவில் வரவு செலவு பார்த்தது என எதுவாயினும் நாளிட்டு எழுதி வரட்டும். தேவைப்படும் நாளில், தகுதிக் குறிப்புக்கும் வாழ்க்கை விளக்கத்துக்கும் வேண்டிய பொருள் அதிலேயே கிடைக்கும். விதை நெல்லை எடுத்துவைத்த வீட்டுக்கு விதைப்புக் காலத்தில் அலைச்சல் இல்லை.

நான்கு: வருமானம், சாதி, இருப்பிடம், முதல் தலைமுறைப் பட்டதாரி ஆகிய சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தின் வழி முன்கூட்டியே விண்ணப்பிக்குமாறு அங்கத்தினர்கள் நினைவூட்டலாம். கடைசி நாளில் ஓடுவோர்க்கு நல்ல விளக்கம் எழுத நேரம் இராது.

ஐந்து: ஊரில் விருதுக்குரிய உழவர், கைவினைஞர், கூத்துக் கலைஞர், மருத்துவச்சி யாவர் என்று பஞ்சாயத்தே ஆராய்ந்து, அவர்கள் உயிரோடும் நலத்தோடும் இருக்கும்போதே அவர்தம் தொண்டை எழுதி வைக்கலாம்.

எழுதத் தொடங்குமுன் மூன்று வினாக்களை ஒவ்வொருவரும் கேட்டுக்கொள்ளட்டும். இதைப் படிக்கப் போகிறவர் யார்? அவர் எதனை முடிவு செய்ய வேண்டும்? அதற்கு அவர்க்கு என் தகுதி தெரிந்தால் போதுமா, என் நோக்கமும் தெரிய வேண்டுமா? மூன்றாம் வினாவுக்குரிய விடையே, தகுதிக் குறிப்பா வாழ்க்கை விளக்கமா என்பதற்கும் விடையாகும். நமது கிராமங்களில் திறமைக்குப் பஞ்சமில்லை. அது போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு முறையான வடிவில் போய்ச்சேருமாறு செய்வதும் கிராம முன்னேற்றப் பணியின் ஒரு பகுதியே.